பேசாத வரிசை

ஹம்சினியின் இடது பாதத்தில் தையல் பிரித்துச் சில வாரங்கள் ஆகியும் தழும்பு சிவப்பாகவே இருந்தது. வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தத் தழும்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள். வலியைத் தடவுவது போல் இல்லை. பள்ளியில் வாங்கிய பதக்கத்தைத் தடவுவது போல் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா வத்சலா அதைப் பார்க்காமல் இருக்க முயன்று, பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

போன நடையில் நடந்தது அது. சாளுவன்குப்பத்திலிருந்து மாமல்லபுரம் கடற்கோயில் வரை கரையோரமாக நடந்தார்கள். வழியில் மணலுக்குள் கிடந்த உடைந்த பாட்டில் சில்லு பாதத்தில் ஏறிவிட்டது. அப்போது நடையில் யாரும் பேசக் கூடாத மௌனப் பகுதி தொடங்கியிருந்தது. ஹம்சினி வாயைத் திறக்கவில்லை. நிற்கவுமில்லை. சில்லோடு கடைசி வரை நடந்து, வேனில் ஏறி, கல்பாக்கத்தில் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியபோதுதான் வத்சலா பார்த்தாள். செருப்பு நிறைய ரத்தம் உறைந்திருந்தது. தையல் போட்ட டாக்டர், "வலிச்சப்போ அப்பாகிட்ட சொல்லலியாம்மா?" என்று கேட்டார். "அப்போ சைலன்ஸ் அங்கிள்" என்றாள் பதின்மூன்று வயதுப் பெண். அன்று இரவே அவள் அப்பா ஹரிசங்கர் நடைக்குழுவின் வாட்ஸ்அப்பில் எழுதினார்: 'ஒரு சொல் இல்லை. ஒரு முகச்சுளிப்பு இல்லை. நம் குழுவின் மிகச் சிறிய உறுப்பினர் நமக்குக் கற்றுக்கொடுத்த பாடம்.' அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்.

அதனால்தான் வத்சலா இந்த முறை வந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இந்த நடைகளுக்கு அவள் வந்ததில்லை. அவர்கள் இரண்டு பேரும் கிளம்பிப் போனபின் வீட்டில் இருக்கும் அமைதி அவளுக்குப் பிடிக்கும். ஆனால் இந்த மாத நடையைப் பற்றிப் பேச்சு வந்ததும், "நானும் வரேன்" என்றாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். வரிசையில் கடைசியாக, ஹம்சினிக்கு நேர் பின்னால் அவள் நடக்க வேண்டும்.

"உன்னால முடியுமா வத்சலா? குக்கர் விசில் அடிச்சாக்கூட நீ பதில் சொல்லுவே" என்றார் ஹரிசங்கர். வேனில் எல்லோரும் சிரித்தார்கள். வத்சலாவும் சிரித்தாள். ஹம்சினி மட்டும் சிரிக்காமல் அம்மாவைப் பார்த்தாள். பரீட்சை ஹாலில் பக்கத்து பெஞ்சுப் பெண் காப்பியடிப்பாளோ என்று பார்க்கும் பார்வை.

ஹரிசங்கரைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வத்சலாவும் சொன்னதில்லை. ஆராய்ச்சி மையத்தில் நல்ல பதவி, கை சுத்தம், குரல் உயராத மனிதர். டவுன்ஷிப்பில் நடைக்குழுவை ஆரம்பித்தபோது அது மற்றக் குழுக்களைப் போலத்தான் இருந்தது. சிப்ஸ் பாக்கெட், செல்ஃபி, புலிக்குகையின் யாளிகள் முன்னால் நின்று பல்லைக் காட்டுவது. பிறகு அவர் எங்கேயோ ஒரு மௌன முகாமுக்குப் போய்விட்டு வந்தார். வந்ததிலிருந்து நடையின் கடைசிப் பகுதி மௌனம் என்று வைத்தார். முதலில் முணுமுணுத்தவர்கள்கூட, அதற்குப் பின் அலைச் சத்தம் இவ்வளவு தெளிவாகக் கேட்கிறதே, திங்கட்கிழமை ஆபீஸில் தலை இவ்வளவு லேசாக இருக்கிறதே என்று சொல்லத் தொடங்கினார்கள். உண்மையாகவே சொன்னார்கள். அதைத்தான் வத்சலாவால் எதிர்த்து வாதிட முடியவில்லை.

சதுரங்கப்பட்டினம் கோட்டை வாசலில் வேன் நின்றது. பல நாள் விடாமல் பெய்து முந்தின நாள்தான் மழை வெறித்திருந்தது. கோட்டைக்குள் புல் முழங்கால் உயரம் வளர்ந்து, பள்ளங்களில் தண்ணீர் நின்றது. ஹரிசங்கர் டச்சுக்காரர்களின் கல்லறைகளுக்கு முன்னால் நின்று பேசினார். நன்றாகப் பேசுவார். துணி வாங்க வந்தவர்கள் எப்படி மதில் கட்டினார்கள், கடலிலிருந்து சுட்ட குண்டு எந்தப் பக்கத்துச் செங்கல்லைப் பெயர்த்தது என்றெல்லாம் சொன்னார். படுத்துக் கிடந்த கல்லில் மண்டையோடும் அதன் கீழே குறுக்காக எலும்புகளும் செதுக்கியிருந்தன. மழையில் கல் கருத்து, கண்குழிகளில் தண்ணீர் தேங்கியிருந்தது.

"பாத்தீங்களா மேடம், செத்தும் பல்லக் காட்டுறாரு" என்றார் ரவிச்சந்திரன். மதுரைப் பக்கத்துக்காரர், ஹரிசங்கரின் அலுவலக நண்பர். கனத்த உடம்பு, நடக்கும்போது மூச்சு வாங்கும். "நமக்கு நடக்குறதுகூடப் பிரச்சனையில்ல. வாயக் கட்டிக்கிட்டு நடக்குறதுதான். எங்க வீட்டுல கேட்டா மாசம் ஒருநாளு போதாது, தினமும் கூட்டிட்டுப் போங்கன்றா."

"நீங்க எனக்கு எத்தனை பேர் முன்னாடி?"

"பாப்பாவுக்கு நேர் முன்னாடி நான். நான் முன்னால போனா வரிசையே நின்னுருது, அதான் பின்னால தள்ளிட்டாரு உங்க வீட்டுக்காரரு."

ஹம்சினி கல்லைச் சுற்றி வந்து கண்குழியில் விரலை விட்டுத் தண்ணீரை வெளியேற்றிக்கொண்டிருந்தாள். "அத தொடாதேடி" என்றாள் வத்சலா. அவள் விரலை எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, அப்பா நின்ற இடத்துக்குப் போய் நின்றாள்.

கோட்டையிலிருந்து தெற்கே கரையோரமாக நடக்க வேண்டும். மீனவர் குப்பங்களைத் தாண்டினால் ஒரு சின்ன உப்பங்கழி கடலோடு சேரும் இடம். அதைத் தாண்டி அரை மணி நடந்தால் சவுக்குத் தோப்பு. வேன் சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு அங்கே வந்து நிற்கும். ஏப்ரலில் ஹரிசங்கரும் இன்னும் சிலரும் இந்த வழியை நடந்து பார்த்திருந்தார்கள். அப்போது கழியின் வாய் அடைத்து மணல்மேடாகக் கிடந்தது. கால் நனையாமல் தாண்டிப் போனார்கள். அந்தப் பாதையை அவர் போனில் பதிந்து வைத்திருந்தார். இன்றைக்குக் கடல் எப்போது வற்றும் என்றும் பார்த்து வைத்திருந்தார். "லோ டைட். நமக்கு மணல் அகலமா கிடைக்கும்" என்றார். வத்சலாவுக்கும் அது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது. நாள்கணக்கில் பெய்த மழை எங்கே போய் நிற்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கரை இறங்கியதும் எல்லோரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். போன்களை அணைத்தார்கள். ஹரிசங்கர் எல்லோருக்கும் கேட்கும்படி, ஆனால் குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"ஒருத்தருக்கும் இன்னொருத்தருக்கும் நடுவுல ஒரு தென்னைமர நீளம் இடைவெளி. முன்னாடி போறவா காலடியிலேயே உங்க காலடி. பின்னாடி என்ன சத்தம் கேட்டாலும் திரும்பக் கூடாது. யார் கூப்பிட்டாலும் சரி. பின்னாடி இருக்கறது முடிஞ்சு போனது. நான் சொல்ற வரைக்கும் சைலன்ஸ்."

"நடுவுல யாருக்காவது முடியலன்னா?" என்று கேட்டாள் வத்சலா.

அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "எல்லாருக்கும் முடியும். முடியாதுன்னு சொல்லிக்கறதுதான் மனசோட வேலை." பிறகு திரும்பி நடந்தார். அதோடு மௌனம் ஆரம்பித்துவிட்டது என்று வத்சலாவுக்குப் புரியச் சற்று நேரமானது. அவள் இன்னொரு கேள்வி கேட்க வாயெடுத்தபோது ஹம்சினி உதட்டின் மேல் விரலை வைத்து அவளை முறைத்தாள்.

ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். தென்னைமர நீளம் விட்டு விட்டு வரிசை நீண்டது. ஹம்சினி கிளம்பி, அதன்பின் வத்சலா கிளம்பியபோது ஹரிசங்கரின் வெள்ளைச் சட்டை கரையில் எங்கோ ஒரு புள்ளியாகத் தெரிந்தது.

மேகம் இன்னும் விலகவில்லை. சாம்பல் நிறக் கடல். அலை குறைந்து பின்வாங்கியிருந்ததால் ஈர மணல் பளபளவென்று விரிந்து கிடந்தது. மழைத் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்து போட்ட ஆகாயத்தாமரைக் கொத்துகள், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் கால், செத்துத் தோல் உரிந்த ஒரு நாய். வத்சலா மகளின் பாதங்களைப் பார்த்தபடியே நடந்தாள். இடது பாதம் மணலில் லேசாகத் திரும்பி விழுந்தது. தழும்பைக் காப்பாற்றிக்கொள்கிறாள். ஒவ்வொரு காலடியும் ரவிச்சந்திரனின் அகலக் காலடிக்குள் சரியாக விழுந்தது.

கடைசிக் குப்பத்தின் முன்னால் படகுகள் மேலே இழுத்துப் போட்டிருந்தன. சில பெண்கள் வலையைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வரிசை அவர்களைக் கடந்தபோது பேச்சு எழுந்தது.

"இன்னாடி இது, அல்லாரும் வாயத் தச்சிகினு போறாங்க?"

"சாவு வூட்டுக்காரங்களா?"

"சாவு வூட்டுக்கு இந்தக் கலரு சொக்கா போட்டுகினு போவாங்களா? வேண்டுதல்டி. கண்ணுல தெர்ல?"

"அந்தக் குண்டு அண்ணாத்த வேண்டிகினது பலிச்சா வயிறு கொறையும்."

சிரித்தார்கள். ரவிச்சந்திரனின் முதுகு குலுங்கியது, ஆனால் அவர் திரும்பவில்லை. வத்சலா கடைசியாக வந்தபோது, அவர்களில் ஒருத்தி வலையை விட்டு எழுந்து எதிரே வந்தாள். நரைத்த தலை, வாயில் வெற்றிலை.

"யம்மா, நில்லு. நீயாவது காது கொடு. கழிய காலைல வெட்டி வுட்டுகீறாங்க. மழைத் தண்ணி வூட்டுக்குள்ள பூந்துகினு கீதுன்னு ஆம்பளைங்க போயி வெட்டிட்டு வந்தாங்க. இப்ப பாத்தா கொஞ்சமாத்தான் ஓடும். போவப்போவ கரைய அறுத்துகினு ஆளயே இட்டுகினு பூடும். அந்தாண்ட போவாதீங்க."

வத்சலா நின்றாள்.

"முன்னால போனாரே வெள்ளச் சட்ட, அவருகிட்டயும் சொன்னேன். கும்புடு போட்டுகினே போய்ட்டாரு" என்றாள் அவள். "காது கேக்காதா அவருக்கு?"

வத்சலா அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். கைகள் தாமாகவே கூப்பிக்கொண்டன. அப்படிக் கூப்பியிருப்பதை நாலடி நடந்த பின்தான் கவனித்தாள். கைகளைப் பிரித்துக்கொண்டாள். பின்னால் அந்தப் பெண், "அய்ய, இதுவும் கும்புடுது" என்று யாரிடமோ சொல்வது கேட்டது.

அவர் முன்னால் போகிறார், அவருக்குக் கண் இருக்கிறது, தண்ணீரைப் பார்த்தால் நிற்பார் என்று வத்சலா தனக்குள் சொல்லிக்கொண்டாள். நின்றால் வரிசை முழுதும் நிற்கும். நாம் இப்போது கத்தினால் என்ன ஆகும்? எல்லோரும் வேனில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அது போகட்டும். ஹம்சினி ஒரு வாரம் பேச மாட்டாள். போன மாதம் தையல் போடக் கூட்டிப்போனதற்கே, "நீ எல்லார்கிட்டயும் சொல்லி அசிங்கப்படுத்திட்டே" என்று அழுதவள்.

ஆனாலும் வேகமாக நடந்தாள். எட்டிப்பிடித்து அவள் தோளைத் தொட்டுவிட்டால் போதும். அவள் காலடி மணலில் சளப் சளப்பென்று விழும் சத்தம் முன்னால் கேட்டிருக்க வேண்டும். ஹம்சினியும் வேகத்தைக் கூட்டினாள். அம்மா நெருங்க நெருங்க அவள் தள்ளிப் போனாள். இடைவெளி குறையக் கூடாது என்பது விதி.

"ஹம்சி" என்றாள் வத்சலா, மெதுவாக.

பெண்ணின் தோள் விறைத்தது. திரும்பவில்லை. வலது கையைத் தோளுக்கு மேல் உயர்த்தி, உள்ளங்கையைப் பின்பக்கம் காட்டினாள். பேசாதே. சின்னக் கை. அந்தச் சைகையை ஹரிசங்கர் வீட்டில் செய்து வத்சலா பார்த்திருக்கிறாள். போனில் இருக்கும்போது, யோசிக்கும்போது, அவள் ஏதாவது சொல்லத் தொடங்கும்போது.

கரை வளைந்து திரும்பியது. அப்போதுதான் கழிமுகம் தெரிந்தது.

தூரத்திலிருந்து பார்க்க ஒன்றுமே இல்லை. மணல்மேட்டின் குறுக்கே பழுப்பாக ஒரு கோடு, டீத்தண்ணி நிறத்தில். இடப்பக்கம் கடல், வலப்பக்கம் மழையால் பொங்கி நிறைந்து கிடந்த கழி. கழியின் தண்ணீர்மட்டம் கடலைவிட உயரத்தில் நின்றது. கண்ணுக்கே அது தெரிந்தது. மண்வெட்டியால் வெட்டிப் போட்ட ஈர மணல் இருபுறமும் குவிந்திருந்தது. வெட்டியவர்கள் யாரும் அங்கே இல்லை. திறந்துவிட்ட பின் காவல் இருக்க அங்கே என்ன வேலை?

ஹரிசங்கர் கோட்டின் அருகே போய்விட்டார். அவர் நிற்பார் என்று வத்சலா காத்திருந்தாள். அவர் குனிந்து பேண்ட்டை ஒரு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு, நாலு எட்டில் தாண்டிவிட்டார். கணுக்கால் தண்ணீர். அக்கரையில் அதே வேகத்தில் நடந்தார். அடுத்தவர் தாண்டினார். அதற்கடுத்தவர். ஒருவருக்கும் மற்றவருக்கும் நடுவே தென்னைமர நீளம். ஒருவர் தாண்டி அடுத்தவர் வந்து சேர்வதற்குள் கோடு கொஞ்சம் அகலமானது. முதலில் வந்தவர்கள் எட்டு வைத்தார்கள். நடுவில் வந்தவர்கள் நடந்தார்கள். அதன்பின் வந்த ஒரு பெண் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, தடுமாறி, ஒரு கையைத் தண்ணீரில் ஊன்றி எழுந்து போனாள். தனக்குப் பின்னால் வருபவருக்கு ஆழம் இது என்று அவள் திரும்பிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளுக்கு முன்னால் போனவரும் அவளிடம் சொல்லவில்லை. ஆழம் தெரிந்தவர்கள் எல்லோரும் அக்கரையில் முதுகைக் காட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள்.

கரையோர மணல் அடை அடையாகப் பெயர்ந்து தண்ணீருக்குள் விழும் சத்தம் இப்போது வத்சலாவுக்குக் கேட்டது. தொப், தொப் என்று, அவசரமில்லாமல்.

ரவிச்சந்திரன் இறங்கினார். இடுப்பு வரை போனது. அவருடைய கனம்தான் அவரைக் காப்பாற்றியது. இரண்டு கைகளையும் விரித்து, ஒவ்வொரு காலாக ஊன்றி, நடுவில் ஒருமுறை முழங்கால் மடங்கி முகம் வரை முங்கி, எழுந்து, நான்கு காலில் தவழ்ந்து அக்கரை ஏறினார்.

ஹம்சினி கரைக்கு வந்துவிட்டாள். ரவிச்சந்திரனின் காலடிகள் தண்ணீருக்குள் போய் மறைந்த இடத்தில் ஒரு கணம் நின்றாள்.

"ஹம்சினி! நில்லு! இறங்காதே!" வத்சலா கத்திக்கொண்டே ஓடினாள். "ஹம்சினி!"

பெண் நிமிர்ந்து அப்பாவின் முதுகைப் பார்த்தாள். வத்சலாவும் பார்த்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது கூப்பிட்டாள். தொண்டை கிழியக் கூப்பிட்டாள். "ஹரிசங்கர்! ஹரிசங்கர்! நில்லுங்கோ! குழந்தை!"

காற்று கடலிலிருந்து தெற்கே வீசிக்கொண்டிருந்தது. குரல் போய்ச் சேர்ந்தது. அக்கரையில் வரிசையின் முன்னால் அந்த வெள்ளைச் சட்டையின் வலது கை தோளுக்கு மேல் எழுந்தது. உள்ளங்கை பின்பக்கம் திரும்பியது. ஒரு கணம் அப்படியே நின்று, இறங்கியது. அவர் நடந்துகொண்டேயிருந்தார்.

ஹம்சினி அந்தக் கையைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தண்ணீரில் காலை வைத்தாள்.

அவள் நின்ற கரையே அவளோடு சேர்ந்து இறங்கிவிட்டது. வத்சலா தோள்பையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பாய்ந்தாள். தண்ணீர் மழைக்காலத்துத் தண்ணீர்தான் என்றாலும் உள்ளே அப்படி ஒரு குளிர் இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. கால் ஊன்றிய இடத்தில் மணல் ஓடியது. கைக்குப் பாவாடை கிடைத்து நழுவியது. பிறகு பின்னல் கிடைத்தது. அதை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். தண்ணீர் இருவரையும் கடலை நோக்கி இழுத்தது. பழுப்புத் தண்ணீருக்கு ஒரு சாண் கீழே ஹம்சினியின் முகம் ஒருமுறை தெரிந்தது. கண்கள் திறந்திருந்தன. உதடுகள் இறுக மூடியிருந்தன. மூச்சுக்காக மூடிய வாய் அல்ல அது. வத்சலாவுக்கு அந்த வித்தியாசம் தெரிந்தது.

முகம் மேலே வந்தபோதும் அவள் கத்தவில்லை.

வெட்டிப் போட்ட மணல்குவியல் சரிந்த இடத்தில் வத்சலாவின் முழங்கால் தட்டியது. அங்கேயே குத்துக்காலிட்டு அழுத்திக்கொண்டாள். பின்னலை இழுத்தாள். தலையோடு பிய்ந்து வந்தாலும் வரட்டும் என்று இழுத்தாள். பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம். ஒரு ஆள் மணலில் குப்புறப் படுத்து அவளுடைய இடுப்புப் புடவையைப் பிடித்தான். இன்னொருவன் அவன் கால்களைப் பிடித்துக்கொண்டான். வலைக்காரப் பெண் அனுப்பியிருக்க வேண்டும். இழுத்து மேலே போட்டார்கள்.

"வாய்ல இன்னா கொழுக்கட்டையா வெச்சிகினு வந்தீங்க? எங்கம்மா அவ்ளோ சொல்லிச்சே!" என்றான் படுத்திருந்தவன், மூச்சு வாங்க. அடுத்த நொடியே, "பாப்பாவக் கவுத்துப் போடு யக்கா, தண்ணி வரட்டும்" என்றான்.

ஹம்சினி கவிழ்ந்து தண்ணீரைக் கக்கினாள். இருமினாள். எழுந்து உட்கார்ந்தாள். உடம்பு வெடவெடத்தது. ஆட்கள் இரண்டு பேரும் அவர்களைக் கரையின் விளிம்பிலிருந்து இன்னும் தள்ளி இழுத்து உட்காரவைத்தார்கள். அவர்கள் நகர்ந்த சற்று நேரத்தில் அந்த இடம் தண்ணீருக்குள் போய்விட்டது.

அக்கரையில் ரவிச்சந்திரன் ஓடிக்கொண்டிருந்தார். அந்த உடம்போடு அவர் அப்படி ஓடுவார் என்று யாரும் நம்ப மாட்டார்கள். "யோவ்! நில்லுங்கய்யா! திரும்புங்கய்யா!" என்று அவர் கத்துவது கேட்டது. வரிசையின் கடைசியிலிருந்து ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. வெள்ளைச் சட்டைதான் கடைசியாகத் திரும்பியது.

"ஹம்சி. கண்ணா. எங்கடி வலிக்கறது? சொல்லு."

அவள் அம்மாவைப் பார்த்தாள். எல்லாம் புரிகிற பார்வை.

"மூச்சு விட முடியறதா? ஏதாவது பேசுடி."

தலையை இடமும் வலமும் ஆட்டினாள். பற்கள் தந்தியடித்தன. உதடுகளைச் சேர்த்து அதையும் அடக்கிக்கொண்டாள்.

"அதிர்ச்சி யக்கா, கொஞ்ச நேரத்துல சரியாப் பூடும்" என்றான் ஒருவன். தோளில் கிடந்த துண்டைப் பிழிந்து நீட்டினான். வத்சலா மகளின் தலையைத் துவட்டினாள். பின்னல் தொடங்கும் இடத்தில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. தொட்டபோது ஹம்சினி சுளிக்கவில்லை.

ஆட்களில் ஒருவன் எறிந்த தோள்பையை எடுத்து வந்து கொடுத்தான். வத்சலா போனை ஆன் செய்த சற்று நேரத்தில் மணியடித்தது. அக்கரையில், இப்போது பஸ் போகும் சாலையைவிட அகலமாகிவிட்ட பழுப்புத் தண்ணீருக்கு அந்தப் பக்கம், ஹரிசங்கர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். மற்றவர்கள் அவரைச் சுற்றி நின்றார்கள். ரவிச்சந்திரன் மட்டும் தள்ளி, மணலில் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"வத்சலா? குழந்தை எப்படி இருக்கா? ஒண்ணும் ஆகலையே?"

"இருக்கா."

"தேங்க் காட். இங்க பாரு, பதட்டப்படாதே. வேனை அந்தப் பக்கம் அனுப்பச் சொல்றேன். ரோடு வழியா வரணும், நேரமாகும்." மூச்சை உள்ளே இழுத்தார். "எனக்குக் கேக்கவே இல்லை வத்சலா. அலைச் சத்தம். சுத்தமாக் கேக்கலை."

அவள் துண்டை மகளின் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்தினாள்.

"குரூப்ல யாரும் இப்ப எதுவும் போட வேண்டாம்னு சொல்லியிருக்கேன். நானே பின்னாடி முறையா எழுதறேன். நீயும் உங்க அண்ணாவுக்கெல்லாம் உடனே போன் பண்ணிண்டு இருக்காதே. கேக்கறதா?"

"அவ பேச மாட்டேங்கறா" என்றாள் வத்சலா.

"என்ன?"

"வாயத் திறக்க மாட்டேங்கறா. தண்ணிக்குள்ள போகும்போதும் கத்தலை. இப்பவும் பேசலை."

அலைச் சத்தம் போனிலும் கேட்டது, காற்றிலும் கேட்டது. பிறகு அவர் குரல் வந்தது. மெதுவாக, சமாதானமாக, அதற்குள் எங்கேயோ ஒரு சின்னப் பெருமையோடு. "நான் இன்னும் முடிஞ்சதுன்னு சொல்லலை இல்லையா? அதான். போனை அவகிட்டக் குடு. நான் ஒரு வார்த்தை சொன்னா பேசிடுவா."

ஹம்சினி பேச்சை முழுக்கக் கேட்டிருக்க முடியாது. ஆனால் அப்பாவின் குரல் என்று தெரிந்துகொண்டாள். துண்டுக்குள்ளிருந்து கையை நீட்டினாள்.

வத்சலா அந்தக் கையைப் பார்த்தாள். கொடுத்தால் அவள் பேசிவிடுவாள். அழுவாள், வலி எங்கே என்று சொல்வாள், அம்மா என்று கூப்பிடக்கூடக் கூப்பிடுவாள். அதில் வத்சலாவுக்குச் சந்தேகமே இல்லை. அதுதான் அவளை அந்தத் தண்ணீரைவிட அதிகமாகப் பயமுறுத்தியது.

"வேன் வேண்டாம்" என்றாள் போனில். "நான் இவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிண்டு போறேன். அப்புறம் திருக்கழுக்குன்றம், எங்க அண்ணா வீட்டுக்கு. நீங்க அங்க வர வேண்டாம். நான் சொல்றேன், அப்ப வந்தாப் போதும்."

"வத்சலா, என்ன பேத்தறே? போனை முதல்ல அவகிட்ட—"

அணைத்தாள். அக்கரையில் அவர் போனைக் காதிலிருந்து எடுத்து அதைப் பார்ப்பது தெரிந்தது. பிறகு இரண்டு கைகளையும் வாயருகே குவித்து ஏதோ கத்தினார். இம்முறை உண்மையாகவே கேட்கவில்லை. காற்று அவருக்கு எதிராக இருந்தது.

"ரோடு வரைக்கும் பைக் இருக்குமா?" என்று ஆட்களிடம் கேட்டாள்.

"இருக்குது யக்கா. வா, நான் இட்டுகினு போறேன்."

வத்சலா மகளைத் தூக்கி நிறுத்தினாள். ஹம்சினி நின்றாள். ஆனால் நடக்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கண்கள் அம்மாவின் முகத்தில் இல்லை, அணைந்துபோன போனில் இருந்தன. உதடுகள் நீலம் பாரித்து, ஒட்டவைத்ததுபோல் மூடியிருந்தன. அவர்களுக்குப் பின்னால் இன்னொரு அடை மணல் சரிந்து விழுந்தது.